மேலே யார் இருக்கிறார்கள்?

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து மலைக்கு டூர் கிளம்பினால், தண்ணீர் விஷயத்தில் அவர்களை மூன்று ரகமாகப் பிரித்துவிடலாம்.

முதல் ரகம், சீல் ஆசாமி. வீட்டில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். ஆனால் வேன் பைபாஸைத் தொட்டதும் ஆள் மாறிவிடுவார். மூடியைத் திருகும்போது 'கிரிக்' என்று சத்தம் கேட்காவிட்டால் ஒரு மடக்கு உள்ளே இறங்காது.

இரண்டாவது ரகம், வஜ்ரதேகி. "நாங்கல்லாம் வாய்க்கால்ல வாய் வெச்சுக் குடிச்ச பரம்பரை ஸார். நமக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். மறுநாள் காலை எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, லாட்ஜ் பாத்ரூம் வாசலில் இவர் செருப்பு மட்டும் கிடக்கும்.

மூன்றாவது ரகம், இயற்கை ரசிகர். ஓடையைப் பார்த்ததும் பரவசமாகிவிடுவார். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "ஆஹா! இதுதாண்டா தண்ணி. மெட்ராஸ்ல காசு கொடுத்தாலும் கிடைக்குமா?" என்று கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிற நமக்கும் நாக்கு வறளும். மூவரில் இவர்தான் ரொம்ப ஆபத்து. வஜ்ரதேகி தான் மட்டும் படுப்பார். ரசிகர் வேன் மொத்தத்தையும் படுக்க வைத்துவிடுவார்.

நான் இந்த மூன்றிலும் சேர்த்தியில்லை. பி.காம். படித்தவன். மூன்று வருஷப் படிப்பில் உருப்படியாக மனசில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: வவுச்சர் இல்லாத செலவை ஒப்புக்கொள்ளாதே. கணக்கு எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் சரி, வவுச்சர் எங்கே என்று கேள். ஓடைத் தண்ணீரும் அப்படித்தான். பளிங்கு மாதிரி இருக்கிறதே, அது வெறும் கையெழுத்து. வவுச்சர் வேறு.

வயிற்றைக் கலக்குகிற பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரான். அதை உங்கள் கண்ணும் பார்க்காது, கண்ணாடியும் பார்க்காது. ஒரு டம்ளரில் லட்சம் பேர் நீந்தினாலும் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும்.

"ஓடுற தண்ணிக்குத் தோஷம் இல்லை" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ஓட ஓட அழுக்கு நீர்த்துப் போகும், வெயில் படும், கொஞ்சம் தணியும். ஆனால் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்தோதானே ஓடி வருகிறது? நீங்கள் குனிந்து அள்ளுகிற இடத்துக்கு நூறடி மேலே ஒரு ஆடு செத்துக் கிடந்தால், அந்தச் செய்தி உங்கள் வாய்க்கு வந்து சேர சில நிமிஷம் போதும். கூரியர்கூட அத்தனை வேகம் கிடையாது.

அதனால் ஓடைக்கரையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: மேலே யார் இருக்கிறார்கள்?

* * *

லெட்ஜர் போட்டுச் சொன்னால்தான் எனக்கு விளங்கும். தண்ணீரில் வருகிற பார்ட்டிகள் நாலு.

ஒன்று, பாக்டீரியா. காலரா, டைஃபாய்டு, சீதபேதி எல்லாம் இந்தக் கம்பெனி சரக்கு.

இரண்டு, வைரஸ். பாக்டீரியாவை ஆள் உயரம் என்று வைத்துக்கொண்டால் இது கட்டை விரல் உயரம். தண்ணீர் வழியாக வருகிற மஞ்சள் காமாலை, அதாவது ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ, இந்த வகை.

மூன்று, ஒற்றைச் செல் ஜீவன்கள். அமீபா, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம். கடைசிப் பெயரை உச்சரிப்பதற்குள் வயிற்றுப்போக்கு வந்துவிடும். சைஸில் மற்ற இரண்டையும் விடப் பெரிசு. மேலே ஒரு கெட்டி ஓடு வேறு போட்டுக்கொண்டிருக்கும்.

நாலு, ரசாயனம். எஸ்டேட்டில் அடித்த பூச்சி மருந்து, பட்டறைக் கழிவு, இத்யாதி. இதற்கு உயிரே கிடையாது. உயிர் இல்லாததைக் கொல்லவும் முடியாது.

ஒரே வைத்தியத்தில் நாலு பேரையும் செட்டில் பண்ண முடியாது. தண்ணீரைச் 'சுத்தம் பண்ணிட்டேன்' என்று யாராவது சொன்னால், 'யாரிடமிருந்து?' என்று கேட்க வேண்டும். இதை நான் சும்மா தியரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஒரு பாட்டில் தண்ணீர் முன்னால் நின்று வாதாட வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

* * *

2024 ஜனவரியில் கொல்லிமலை போனோம். என்னோடு பி.காம். படித்த ஆறு பேர். இப்போது ஒருவன் பேங்க் கேஷியர், ஒருவன் ஜி.எஸ்.டி. கன்சல்டன்ட், இன்னொருவன் ஆடிட்டர் ஆபீஸில் சீனியர், மற்ற மூவரும் எக்ஸல் ஷீட்டில் குடியிருக்கிறவர்கள். நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே என் பேச்சை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் பி.டி. உஷா. ஏறும்போது ஒவ்வொருவரும் படியில் உட்கார்ந்து, "நீ முன்னால போடா, நான் சீனரி பார்த்துட்டு வரேன்" என்பார்கள்.

அருவியில் குளித்து முடித்ததும் கேஷியர் தன் பையிலிருந்து இரண்டு லிட்டர் காலி பாட்டிலை எடுத்தான். தண்ணீர் பிடித்து, இறுக்கி மூடி, துண்டில் சுற்றி, குழந்தையைப் போல் பையில் வைத்தான்.

"எதுக்குடா?" என்றேன்.

"வீட்டுக்கு. அவளுக்கு ஏழாம் மாசம். மாமியார் சொல்லி அனுப்பினாங்க. மூலிகையில பட்டு வர்ற தண்ணியாம். தினம் அரை டம்ளர் குடிச்சா சுகப்பிரசவம் ஆகுமாம்."

எனக்குக் குளிர் விட்டுப் போயிற்று.

நீங்களே சொல்லுங்கள். ஒருவன் பெண்டாட்டிக்காக ஆயிரம் படி இறங்கி, அருவியில் நனைந்து, தீர்த்தம் பிடித்திருக்கிறான். மாமியார் உத்தரவு வேறு. அவனிடம் போய், 'இதைக் கொடுக்காதே' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாஸ்திகன். சொல்லாவிட்டால்?

சொன்னேன்.

"மச்சான், தப்பா நினைக்காதே. அதைக் குடிக்கக் கொடுக்க வேணாம்."

அவன் முகம் சுருங்கியது. ஜி.எஸ்.டி. உடனே ஆஜர். "ஆரம்பிச்சுட்டாண்டா. நல்ல காரியத்துக்கு எடுத்துட்டுப் போறப்போ எதுக்குடா குறுக்கே பேசறே? எத்தனை ஆயிரம் பேர் குடிக்கிறாங்க, எல்லாரும் செத்தா போயிட்டாங்க?"

"எல்லாருக்கும் ஏழாம் மாசம் இல்லையே" என்றேன்.

பேச்சு நின்றது. அந்த மூச்சிலேயே, படியில் உட்கார்ந்து டெல்லி கதையைச் சொன்னேன்.

1955 வெள்ளத்துக்குப் பிறகு டெல்லியில் யமுனை கொஞ்சம் திசை மாறிற்று. நஜஃப்கட் சாக்கடைத் தண்ணீர், ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற வஜீராபாத் பக்கம் எதிர்த்து வந்துவிட்டது. பம்பிங் ஸ்டேஷன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. குளோரினை அதிகமாகப் போட்டார்கள். பாக்டீரியா அடங்கிற்று. டைஃபாய்டு கிளம்பவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஆனால் டிசம்பரில் ஆரம்பித்து, 1956 ஜனவரிக்குள் ஊர் முழுக்க மஞ்சள் காமாலை. ஏறக்குறைய 29,000 பேர். சாக்கடை கலந்த தண்ணீரில் குளோரினுக்கு அழுக்கோடு மல்லுக்கட்டவே பொழுது சரியாக இருந்திருக்கிறது. வைரஸ் பாட்டுக்கு நடந்து வந்துவிட்டது. முதல் பார்ட்டிக்கு செட்டில் பண்ணிவிட்டு இரண்டாவது பார்ட்டியை மறந்தால் இதுதான் கதி.

அது என்ன வைரஸ் என்று அப்போது தெரியாது. 1983-ல் மிகைல் பலயான் என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்டுபிடித்தார். எப்படித் தெரியுமா? ஆஃப்கானிஸ்தானில் காமாலை வந்த சோவியத் சிப்பாய்களின் மலத்திலிருந்து எடுத்த வடிசலைத் தானே குடித்தார்! காமாலை வந்தது. தன் மலத்தையே மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கிருமியைப் பார்த்தார். ஆபீஸில் உங்களுக்கு வேலை கஷ்டம் என்று நினைக்கும்போதெல்லாம் பலயானை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பெயர் ஹெபடைடிஸ் ஈ. உங்களுக்கும் எனக்கும் வந்தால், பெரும்பாலும் சில வாரம் மோர் சாதம் சாப்பிட்டு எழுந்துவிடலாம். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் கதை வேறு. கல்லீரல் சட்டென்று கைவிட்டுவிடும். அந்தக் கட்டத்தில் இது வந்த பெண்களில் நூற்றுக்கு 20-லிருந்து 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கேஷியர் ஒன்றும் பேசவில்லை. பேங்கில் கள்ள நோட்டு சந்தேகம் வந்தால் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பானாம். அதே மாதிரி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"பளிச்சுனுதானேடா இருக்கு?" என்றான், குரல் இறங்கி.

* * *

முட்டி கழன்று மேலே வந்தபோது ஒரு டீக்கடை. நடத்துவது ஒரு வயதான அம்மா. ஆளுக்கொரு டீ சொன்னோம்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். இந்தியாவின் மிகப் பெரிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் எது என்றால், டீக்கடை என்பேன். தளதளவென்று கொதிக்கிற பாய்லரில் எந்தக் கிருமியும் பிழைக்காது. டீயில் பயம் இல்லை. கிளாஸைக் கழுவுகிற பக்கெட்டில்தான் இருக்கிறது!

"ஏம்மா, அருவிக்கு வர்ற ஆத்துக்கு மேல யார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மேலயா? ஊருங்க இருக்கு தம்பி. வயக்காடு இருக்கு. ஆடு, மாடு, சனம் எல்லாந்தான் இருக்கு. மலையில வேற எங்க போய் இருக்கறது?"

"நீங்க என்ன தண்ணி குடிப்பீங்க?"

"கொழாத் தண்ணிதான். மருமவ புள்ளத்தாச்சியா இருந்தப்ப நர்ஸம்மா வந்து, காய்ச்சி ஆற வெச்சுத்தான் குடுக்கணும்னு சொன்னாங்க. அப்பலேர்ந்து எல்லாருக்கும் காய்ச்சின தண்ணிதான்."

கேஷியர் டீயைக் கீழே வைத்தான். "ஏம்மா, ஆத்துத் தண்ணியை... தீர்த்தமா எடுத்துட்டுப் போனா?"

அந்த அம்மா அவனை ஒரு தரம் பார்த்தார். "தீர்த்தம்னா தலையில தெளிச்சுக்க சாமி. அதுக்கு எதுக்குக் குடிக்கணும்?"

அவ்வளவுதான். நான் டெல்லி, ரஷ்யா, ஆஃப்கானிஸ்தான் எல்லாம் சுற்றி வந்து சொன்னதை, அவர் சர்க்கரை போட்டு ஆற்றுகிற நேரத்தில் முடித்துவிட்டார்.

பாட்டில் ஊருக்குப் போனது. மாமியார் கையால் மகள் தலையில் தெளித்தார்கள். மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றினார்கள். "தலையில பட்டாலும் அதே புண்ணியம்தான்" என்று மாமியாரே சொல்லிவிட்டதாகக் கேஷியர் போன் பண்ணினான். மார்ச் மாதம் பெண் குழந்தை. அந்தப் பாட்டிலை யாரும் லேபுக்கு அனுப்பவில்லை. அதில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிய வருஷம் வீடு பற்றி எரியவில்லையே என்று யாராவது வருத்தப்படுவார்களா?

* * *

சரி, மலையில் தாகம் எடுத்தால் என்னதான் செய்வது? லெட்ஜரைத் திருப்புவோம்.

கொதிக்க வைப்பது: முதல் மூன்று பார்ட்டிக்கும் ஒரே செக்கில் பைசல். எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்றெல்லாம் சொல்வார்கள். தேவையில்லை. குமிழி தளதளவென்று புரண்டு வந்த பிறகு ஒரு நிமிஷம். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் மூன்று நிமிஷம். ஏன் கூட என்றால், உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 டிகிரி. கொடைக்கானலில் 93 போல. அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுக்கிறது. பருப்பு வேகாவிட்டாலும் கிருமி வெந்துவிடும். பாலைப் பதப்படுத்த 72 டிகிரியில் 15 வினாடிதானே வைக்கிறார்கள்!

ஆனால் கவனியுங்கள். ரசாயனம் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். எஸ்டேட்டுக்குக் கீழே வருகிற ஓடை, நுரையோ வாடையோ உள்ள தண்ணீர், இவற்றோடு வரவு செலவே வேண்டாம்.

காட்டில் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டலாமே என்று சினிமா பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மைப் போல வார விடுமுறைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தான். காய்ந்த புல்லில் ஒரு பொறி என்ன செய்யும் என்று அதற்குப் பிறகும் ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் காட்டில் கொதிக்க வைப்பது என்பது கிளம்புவதற்கு முன், ரூமில், அடுப்பில். ராத்திரியே காய்ச்சி, ஆற வைத்து, பாட்டிலில் நிரப்பி எடுத்துப் போக வேண்டியதுதான். கனம் என்றால் கனம்தான்.

குளோரின் மாத்திரை: பாக்டீரியா, வைரஸ் இரண்டுக்கும் கணக்குத் தீர்க்கும். போட்டு அரை மணி காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் இன்னும் அதிக நேரம். அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஒரு லிட்டருக்கான மாத்திரையும் உண்டு, இருபது லிட்டருக்கான மாத்திரையும் உண்டு. இரண்டாவதை ஒரு பாட்டிலில் போட்டுக் குடித்தால் நீச்சல் குளத்தையே குடித்த மாதிரி இருக்கும். போட்ட பிறகு மூடியைச் சற்றுத் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீரால் திருகு மரையையும் நனையுங்கள். வாய் வைக்கிற இடம் அதுதானே! வாடை பிடிக்காவிட்டால் அரை மணி கழித்து டீ மாஸ்டர் மாதிரி இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால் குறையும்.

குளோரினுக்கு மசியாத ஆள், அந்த உச்சரிக்க முடியாத கிரிப்டோ. 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரிலேயே வந்து ஏறத்தாழ நாலு லட்சம் பேரைப் படுக்க வைத்தது. அமெரிக்காவில்!

ஃபில்டர்: டிரெக்கிங் போகிறவர்கள் வைத்திருக்கும் ஸ்ட்ரா மாதிரியான சமாசாரம். ஓட்டை 0.1, 0.2 மைக்ரான். பாக்டீரியாவும் கிரிப்டோவும் மாட்டிக்கொள்ளும். வைரஸ் குனியாமலே உள்ளே வந்துவிடும். ஆகவே ஃபில்டர் பண்ணி, பிறகு குளோரின் போட்டால் மூன்று பேருக்கும் செட்டில்மென்ட். டபுள் என்ட்ரி என்று ஏன் படித்தோம்?

வெயில்: நம்பமாட்டீர்கள், இதுவும் வைத்தியம்தான். கலங்கல் இல்லாத தண்ணீரை, நிறமில்லாத இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கப் போட வேண்டும். மேகமாக இருந்தால் இரண்டு நாள். பெய்ரூட்டில் 1980-களில் ஆராய்ந்து சொன்னார்கள். பிறகு சுவிட்ஸர்லாந்துக்காரர்கள் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். செலவு பூஜ்யம். ஆனால் நீலகிரியில் 2019 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அங்கே எவர்சில்வர் பாட்டிலோடு போங்கள். அதை வெயிலில் போட்டால் தண்ணீர் சுடும், சுத்தமாகாது.

இனி, பாட்டி வைத்தியம். கேலி பண்ணாதீர்கள்.

பழைய பருத்திப் புடவை: பங்களாதேஷ் கிராமங்களில் ரீட்டா கால்வெல் என்ற விஞ்ஞானியின் குழு, பழைய புடவையை நாலாக மடித்து வடிகட்டச் சொல்லிக் கொடுத்தது. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003-ல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி தண்ணீரில் உள்ள மிக நுண்ணிய பூச்சிகள் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி வரும். பூச்சி துணியில் நின்றுவிட்டால் சவாரியும் நிற்கும். பழைய புடவைதான் வேண்டும். துவைத்துத் துவைத்து நூல் பூத்து இடைவெளி குறுகியிருக்கும். மனைவியின் புதுப் புடவையில் பரிசோதிக்க வேண்டாம். அது வேறு விதமான ஆபத்து.

தேத்தாங்கொட்டை: பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டால் கலங்கல் அடியில் படியும். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, தேறிய தண்ணீர் வேறு. தெளிய வைத்துவிட்டுக் காய்ச்சவோ குளோரின் போடவோ வேண்டும்.

செப்புக் குடம்: பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் சோதித்து, செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, டைஃபாய்டு பாக்டீரியாக்கள் செத்துவிடுவதாகச் சொன்னார்கள். பாட்டி ஜெயித்தாள். ஆனால் 16 மணி நேரம் தாகத்தோடு குடத்தைப் பார்த்துக்கொண்டு மலையில் உட்கார்ந்திருக்க முடியுமா?

* * *

இத்தனையும் படித்துவிட்டு, பயந்துபோய் மலையில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். வெயிலில் ஏறுகிறவனுக்கு நீர் வற்றிப்போவது கிருமியைவிட வேகமான எமன். கையில் ஒன்றுமே இல்லை, ஆள் மயங்குகிறான் என்றால், இருக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கம்பெனி பிழைக்க வேண்டும்.

மீறி வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் எல்லையில் காலராவில் மடிந்துகொண்டிருந்தபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 'சுத்தமான' என்ற வார்த்தையை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், ரத்தம், நிற்காத வாந்தி என்றால் கைவைத்தியம் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

ஆக, பையில் வேண்டியவை: காய்ச்சிய தண்ணீர், ஒரு அட்டை குளோரின் மாத்திரை, நாலு மடிப்புத் துணி, சோப்பு வில்லை, ஓ.ஆர்.எஸ். எல்லாம் சேர்ந்தாலும், தண்ணீரை விட்டுவிட்டால், பெரிய கனம் வராது. சோப்பு எதற்கு என்கிறீர்களா? மூன்று பார்ட்டிக்கும் கணக்குத் தீர்த்த தண்ணீரை, கழுவாத கையால் பாட்டில் வாயைத் துடைத்துவிட்டு நண்பனுக்கு நீட்டுகிற வள்ளல்கள் நம்மில் நிறையப் பேர்.

கடைசியாக ஒன்று. மேலே யார் இருக்கிறார்கள் என்று ஓடைக்கரையில் கேளுங்கள் என்றேன். ஆகாய கங்கைக்குக் கீழே, மலையடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வேன்கள் வரும். அங்கேயும் ஒரு இயற்கை ரசிகர் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு மேலே இருப்பது நாம்தான். ஆகவே அவசரம் என்றால் ஓடையிலிருந்து ஒரு 200 அடி தள்ளிப் போய், குழி தோண்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டு வாருங்கள், ஸார். புண்ணியமாகப் போகும்!